இப்போதுதான் ஒரு பீர்

அன்பே,

எங்கள் விமானிகள் சங்கத்தின் முதல் ஒப்பந்தத்துக்கு நாளை வாக்கெடுப்பு. நிறைவேறினால் உன் பிரசவச் செலவு கம்பெனியுடையது. தோற்றால் பேச்சுவார்த்தை மறுபடி முதலிலிருந்து. குழந்தை அதுவரை காத்திருக்காது.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். விடுமுறையில் கூப்பிட்டாலும் பறக்க வேண்டும். குடித்தவனை ஓட்ட விட மாட்டார்கள் என்பதால் "இப்பத்தான் ஒரு பீர் குடிச்சேன்" என்று இனி தப்பிக்க முடியாது. விடுமுறையிலும் குடிக்கக் கூடாதாம். பீர் வாசனையே அறியாத எனக்கு இது பேரிழப்பு.

"வேற கம்பெனிக்குப் போயிடட்டுமா, கேப்டன்?" என்றேன்.

என்னோடு பறக்கும் கேப்டன் வாலஸ் சிரித்தார். "தாராளமா போப்பா. எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் அங்க சேர்ந்த தேதிதான் கணக்கு, நீ கடைசி ஆளு. கடைசி ஆளைத்தான் முதல்ல கூப்பிடுவான்."

இங்கேயும் நான்தான் கடைசி.

சம்மதம் என்றே போடுகிறேன். பிரசவ வாரத்தில் டொலீடோவிலிருந்து உன் அக்கா வர முடியுமா என்று கேட்டு வை.

உன்னவன்