குளிர்ந்த நீரில் போகும் கறை

இன்று காலை வனத்துறை ஆட்கள் ஒரு வெள்ளைக் கொக்கை நம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். பிச்சாட்டூர் ஏரிப் பக்கம் கரண்டுக் கம்பியில் மோதிச் செத்தது. பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அனுமதிக் கடிதமும் கூடவே வந்தது. மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் காய்ந்திருந்தது. பெராக்சைடு பாட்டிலைத் திறந்தேன். அந்த வாடையில் நீ வந்தாய். வேறொன்றும் வரவில்லை.

திருப்பதியில் இந்தக் கல்லூரியின் அருங்காட்சியக அறைக்கு நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் கொக்கை நான்தான் கெடுத்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று வெந்நீரை ஊற்றிவிட்டேன். ரத்தம் பழுப்பாகி இறகிலேயே தங்கிவிட்டது.

"சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் வெந்து ஒட்டிக்கினு நிக்கும்டா. முட்ட வேவறதில்ல?" என்றாய்.

கறை தெரியாமல் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். "ஏமையா, இது மட்டும் ஏன் நமக்கு முதுக காட்டுது?" என்று தெலுங்குக்காரரான துறைத்தலைவர் கேட்டபோது, "அதுக்குக் கூச்சம் சார்" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். பிறகு கற்றுக்கொண்டோம். உப்புப் போட்ட குளிர்ந்த நீர், பஞ்சு, அடியிலிருந்து நுனிக்கு ஒரே போக்கில் துடைப்பது. போகாத இடத்துக்குத் துளி பெராக்சைடு. கடைசியில் சோளமாவைத் தூவி ஈரம் இழுத்து உதறினால் இறகு பொங்கி எழும்.

போன ஆவணியில் உனக்குப் பெண் பார்க்க நகரிக்குப் போனோம். உன் அம்மா ரயிலில் முன்னால் போய்விட்டார். நாம் உன் பைக்கில். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய்.

"என்ன வேலன்னு அந்தப் பொண்ணு கேட்டா என்னடா சொல்றது?"

"காலேஜ்ல வேலன்னு மட்டும் சொல்லு. கொக்கு கதயெல்லாம் எடுக்காத."

சிரித்தாய். புத்தூர் தாண்டிக் கல் ஏற்றிய லாரி ஒன்று இடித்தது. நான் முள்புதரில் விழுந்தேன், நீ சாலையில். ஆம்புலன்ஸ் வர அரைமணி நேரம் ஆனது. அதுவரை உனக்கு நினைவு இருந்தது. "வலிக்குதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "வந்துகினு இருக்காங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் நீ நிறுத்திவிட்டாய்.

முகத்தை மட்டும் விட்டு உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உடைகளை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்கள். உன்னை எரித்துவிட்டு வந்ததும் அம்மா கேட்டார்.

"எம்புள்ள போட்டுக்கினு போன சட்ட எங்கப்பா?"

"எங்கிட்டதாம்மா இருக்குது. நாளைக்குக் கொண்டாறேன்."

இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தொட்டியில் ஊறவைத்தேன். கை தானாகச் செய்தது. எட்டுத் தடவை தண்ணீர் மாற்றினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. விலாப்பக்கத் தையலில் மட்டும் கறை நெடுநேரம் நின்றது, பிறகு அதுவும் போயிற்று.

அம்மா சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "ரத்தமே இல்லியேப்பா."

"உள்ளடிம்மா. வெளிய ஒண்ணுமில்ல."

"அப்ப அவனுக்கு வலிச்சிருக்காதா?"

"இல்லம்மா. உடனே போயிட்டான்."

அன்றைக்குத்தான் அவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

திருச்சானூர் கோயிலுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். "கஷ்டப்படாம போனான், அந்த மட்டும் தாயார் புண்ணியம்" என்கிறார். "ஆமாம்மா" என்கிறேன். அந்த அரைமணி நேரத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.