தீர்ப்புச் செய்தியில் இல்லாத பெயர்

அன்புத் தங்கச்சிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. உன்னிடம் அத்துமீறியவனுக்குச் சிறை. நீ சொன்னதை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. இதைக் கேட்க நீ இல்லையே என்றுதான் அன்று முழுக்க அழுதேன். அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

என்மேல் உனக்கு ஒரு கோபம் இருந்தது. நான் அச்சுப்பிழை திருத்தும் பத்திரிகையில் முதல் செய்தி வந்தபோது, "பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கூறப்படுகிறது" என்ற வரியில் விரலை வைத்தாய்.

"நான் சொல்லுதேன்லா? பெறகு என்னக்கா கூறப்படுகிறது?"

தீர்ப்புக்கு முன்னால் குற்றவாளி என்று எழுதினால் அவதூறு வழக்குப் போடுவான் என்றேன். சொன்னபடியே வக்கீல் நோட்டீஸ் வந்தது. புகாரில் இருந்ததை மட்டும் எழுதியிருந்ததால் அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் உன் கோபம் தீரவில்லை.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. பத்திரிகைக்காரர் யாருக்கும் அனுமதியில்லை. உள்ளே பேசியதை நீதிபதி அனுமதிக்காமல் அச்சிடவும் முடியாது. நானும் வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றேன். உள்ளே உன் குரல் நடுங்கியதா?

இந்தத் தடவை "குற்றவாளி" என்றே போட்டோம். அம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் பேரு இருக்கு, அவன் அப்பன் பேரும் இருக்கு. எம்மவ பேர மட்டும் எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்கிய?"

மாமா அதற்குள் பிளக்ஸே அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நம் பக்கம்தான் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ் ஆயிற்றே! நீலச் சேலையில் உன் படம், பெரிய எழுத்தில் உன் பெயர், மேலே "நீதி வென்றது". பஸ் ஸ்டாப்பில் கட்டுவதற்குக் கயிறும் கையில் இருந்தது.

"மாமா, இதக் கட்டக் கூடாது. பேரு வெளிய தெரிஞ்சா சட்டப்படி குத்தம்."

"அவளே போய்ச் சேந்துட்டா. இன்னும் என்னட்டி சட்டம்?"

"செத்தவியளுக்கும் அதே சட்டந்தான் மாமா. கோர்ட்டு சொன்னாத்தான் போடலாம்."

"அவ என்ன களவாண்டாளா, மறைச்சு வைக்கதுக்கு?" என்று கேட்டுவிட்டு மாமா அழுதார். அம்மாதான் கத்தரிக்கோலை எடுத்து "நீதி வென்றது" என்ற மேல் வரியை வெட்டிப் போட்டாள். படத்தையும் பெயரையும் வீட்டுக்குள், தான் படுக்கிற இடத்துக்கு நேரே மாட்டிக்கொண்டாள்.

நீ உயிரோடு இருந்தால் உன் பெயரைப் போடலாம் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. உனக்கு அந்த விருப்பம் இருந்ததா? ஊர் அறிய நிற்க நினைத்தாயா, இல்லை யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று இருந்தாயா? உன் பெயரைப் போட அனுமதி கேட்டு அம்மா கோர்ட்டில் மனுப் போடச் சொல்கிறாள். உன் மனசு தெரியாமல் நான் எதை எழுதிக் கேட்க?

நீ சொல்லாததை உனக்காக நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. அது சத்தியம். இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டில் ஏதோ ஓர் ஊர் என்பதற்குமேல் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். என் பெயரைப் போட்டால் உன் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால், இப்படிக்கு,

உன் அக்கா.