லொவீனாவின் ஒரே மகன்

லிங்கன், நெப்ராஸ்கா
1984 நவம்பர் 5

அன்புள்ள வெர்னா பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை ஐரீனின் மகள் மார்லா எழுதுவது. போனில் கூப்பிட்டால் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

என் மகன் ராஸுக்கு ஐந்து மாதம். சளி, பேதி, வாயெல்லாம் வெள்ளைப் புண். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. நேற்று டாக்டர் கேட்டார்: "உங்க அம்மா வழியில ஆம்பளப் புள்ளைங்க கைக்குழந்தையாவே தவறியிருக்காங்களாம்மா? அப்படின்னா இது ரத்தத்துலயே வர்ற நோய். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

யாரைக் கேட்பேன்? அம்மாவும் இல்லை. நம் முன்னோர் லொவீனா மாட்டு வண்டியில் இந்தப் பக்கம் குடியேறியதைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு புத்தகம்தான் இருக்கிறது. ஐந்து பெண்கள், ஒரே மகன் ஆரின், 1874இல் பிறந்து 1879இல் இறந்தான் என்று அதில் இருக்கிறது. ஐந்து வயது வரை இருந்தானென்றால் இந்த நோய் இல்லையாம். தேதி சரிதானா? லொவீனா பிறப்பு இறப்பெல்லாம் எழுதிவைத்த குடும்ப பைபிள் உங்களிடம்தானே இருக்கிறது. ஒரு முறை பாருங்கள்.

மார்லா


நவம்பர் 9

மார்லாவுக்கு,

குழந்தைக்காக ஜெபிக்கிறேன். தேதி சரி. புல்மண்ணை வெட்டி அடுக்கிய வீட்டில், கூரையிலிருந்து பாம்பு விழும் வீட்டில் ஐந்து பெண்களை ஆளாக்கியவள் லொவீனா. ஆண்டுதோறும் இந்த ஊர் அவளுக்கு விழா எடுக்கிறது. அவள் ரத்தத்தில் குறை தேடாதே. உன் அம்மாவுக்கும் எதற்கெடுத்தாலும் பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வெர்னா


நவம்பர் 12

பெரியம்மா,

ராஸைக் கிருமி அண்டாத கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். அவன் அக்கா ஹெய்டி வெளியே நின்று, "தம்பிய ஏம்மா உள்ள போட்டாங்க? அவன் என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்கிறாள். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வேன்?

லொவீனாவைக் குறை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? இந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடுவானாம். காரணம் உறுதியானால்தான் டாக்டர் துணிவார். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீங்கள் அச்சிட்டதைப் பார்க்காதீர்கள். அவள் கையால் எழுதியதைப் பாருங்கள்.

மார்லா


நவம்பர் 15

மார்லா கண்ணே,

பார்த்தேன். ஆரின் என்று மூன்று முறை எழுதியிருக்கிறாள். மூன்று பிறப்பு, மூன்று இறப்பு. தேதியைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, முதல் பிறப்பையும் கடைசி இறப்பையும் எடுத்து அச்சிட்டுவிட்டேன். போன பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். என் வீட்டு பைபிளில் அது என் கண்ணில் படவில்லை. ஆறு மாதம், எட்டு மாதம், நான்கு மாதம். இவ்வளவுதான் அவர்கள் இருந்தது.

நான்காவதாக ஒருவன் உண்டு. என் க்ளென். 1951, ஏழு மாதம். வாயில் அதே வெள்ளைப் புண். ஜனவரியில் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போனேன், எட்டே நாளில் போய்விட்டான். அடக்கத்தன்று உன் அம்மா எல்லார் முன்னாலும், "இந்தக் குளிர்ல யாராச்சும் பச்சப் புள்ளைய வெளிய எடுப்பாங்களாக்கா?" என்றாள். அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை. ஆனால் அவள் கேட்டது சரிதான் என்றே இத்தனை வருடமும் இருந்தேன். அவன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. இன்று ஆரின்களுக்குக் கீழே எழுதினேன்.

பிரதி எடுக்கப் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். அதற்கு நேரமில்லை. பக்கத்தைக் கிழித்தே அனுப்புகிறேன். டாக்டரிடம் ஓடு.

பெரியம்மா


நவம்பர் 17

அன்புள்ள பெரியம்மா,

டாக்டர் நின்றபடியே படித்தார். நான்கு பேரையும் ஒருவன் கீழ் ஒருவனாக எழுதிக்கொண்டு போனை எடுத்தார். நாளைக் காலை விமானம். ஹெய்டியின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் தம்பிக்கு ஏற்றுவார்கள். பொருந்துமா, அதுவரை அவன் தாங்குவானா, யாருக்கும் தெரியவில்லை.

அவர் அறையிலிருந்து கிளம்புமுன் ஒன்று கேட்டேன். "க்ளென் குளிர்லயா போனான் டாக்டர்?"

"வீட்டுக்குள்ளயே பொத்தி வெச்சிருந்தாலும் போயிருப்பாம்மா. குளிருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதை அவளே எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லாமல் விமானம் ஏற மனம் வரவில்லை.

உங்கள் மார்லா