ரெண்டும் நன்னா இருக்கு

போன வெள்ளிக்கிழமை ஒரு டிவி கடைக்காரனிடம் சண்டை போட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உன் அண்ணாவிடம் சொல்ல முடியாது. அவர் என் பக்கத்திலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டிவி உயிரை விட்டுவிட்டது, புதுசு வாங்கப் போயிருந்தோம். ஒரே அளவில் இரண்டு டிவியைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தான். இரண்டிலும் ஒரே கார் பந்தய கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் படத்துக்குப் புள்ளிகள் ஜாஸ்தி, மற்றதில் கம்மி. எது வாங்கலாம் என்று உன் அண்ணா கேட்டார். கடைக்காரன் என் நரைத்த தலையை ஒருதரம் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பி மலையாளத்தில் சொன்னான்: கம்மியானதே போதும் சார், இந்த வித்தியாசம் கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்கே தெரியாது, பின்னே அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

இடது பக்கத்து டிவியில் ரோட்டோரம் போகிற கரண்டு ஒயரைப் பார், படிப்படியாக உடைகிறது, வலது பக்கத்தில் நேராகப் போகிறது, எனக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியாது என்கிறாய் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்து ஒயரைப் பார்த்தான். டிவி வாங்காமலே வந்துவிட்டோம்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒயரைப் பார் என்பது என் பேச்சே இல்லை, உன் பேச்சு. அதைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, இருபது வருஷம் கழித்து, நீயும் கண்ணை மூடி மூன்று வருஷமான பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தனிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். வீடு வரும்வரை எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

வலியசாலை வீட்டுக் கூடத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரை நினைத்துப் பார்க்கிறேன். பின்பக்கம் பெருத்து, சூடானால் தூசி கருகின வாசனை வருமே, அது. நான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நீ கம்ப்யூட்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாய். மத்தியானம் அடுக்களை ஒழிந்ததும் நாத்தனாரும் மன்னியும் கார் பந்தயம் ஓட்டுகிற வீடு அந்தத் தெருவில் வேறு இருந்திருக்காது. முதல் மாசம் பூரா நான் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில்தான் மோதினேன். நீ ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

உன் அண்ணா எழுத்து பெரிசாகத் தெரியட்டும் என்று திரையின் புள்ளி அளவைக் குறைத்து வைத்துவிடுவார். நீ வந்து உட்கார்ந்த மறுநிமிஷம் கண்டுபிடித்துவிடுவாய். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்லாம் உன் மனசுக்குள்ளேதான் என்பார். அந்தக் கோபத்தில்தான் நீ என்னைப் பரீட்சை பண்ண ஆரம்பித்தாய். நீ அளவை மாற்றும்போது மானிட்டருக்குள் டிக்கென்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் சொல்லிவிடக்கூடாது என்று என்னை அடுக்களைக்கு அனுப்பிவிடுவாய். திரும்பி வந்ததும், இப்போ பெரிசா சின்னதா என்று கேட்பாய். ஆரம்பத்தில் விழித்தேன். அப்புறம் நீதான் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னாய். காரைப் பார்க்காதேங்கோ மன்னி, ஒயரைப் பாருங்கோ, புள்ளி குறைஞ்சா முதல்லே ஒயராக்கும் உடையும் என்று. அதற்குப் பிறகு நான் ஒருதடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. உனக்குத்தான் எத்தனை சந்தோஷம். ஓடிப்போய் உன் அண்ணாவிடம், மன்னிக்குத் தெரியறதே, இதுவும் மனசுக்குள்ளேயா என்று கேட்டாய்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், கேம்களைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தபோது, விளையாடுவதற்கா சம்பளம் என்று தெருவே சிரித்தது. விளையாடறதுக்கு இல்லை, தப்புக் கண்டுபிடிக்கறதுக்காக்கும் என்று நீ ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டு போனாய். ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது மாசம் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தாய்.

வெளிநாட்டில் யாரோ செய்த கார் கேம். முழு அளவுப் படம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். ரோட்டில் நிறைய கார் சேர்ந்துவிட்டால் கேம் தானாகவே படத்தைச் சின்னதாக வரைந்து, இழுத்துப் பெரிசாக்கிக் காட்டுகிறது என்றாய். எனக்குப் புரியவில்லை என்றதும், மாவைக் கம்மியாக எடுத்துக்கொண்டு தோசையைக் கல் முழுக்க இழுத்தால் ஓட்டை விழுமே, அதேதான் என்று சொன்னாய். எழுதியும் கொடுத்தாய். உன் மானேஜர் படிக்கவே இல்லை. எல்லாம் சரியாயிருக்கிறது என்று அவர் ஏற்கெனவே வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிவிட்டார், அதுதான் காரணம். ஆனால் உன்னிடம் சொன்னது வேறே. விளையாடுகிறவன் கண் ஜெயிக்கிறதிலே இருக்கும், புள்ளியை எவன் எண்ணிக்கொண்டிருப்பான் என்றாராம். உலகத்திலுள்ள அத்தனை பேருடைய கண்ணுக்கும் இந்த மனுஷர் ஒருத்தர் ஜாமீன் நிற்கிறாராக்கும். நீ விடவில்லை. அப்படியானால் சாதாரண ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பாருங்கள் என்றாய். சரி, ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், ஒருத்தரை நீயே கூட்டிக்கொண்டு வா என்றார். நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்.

பஸ்ஸில் போகும்போது நீ எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லக் கூடாது, அது கள்ளத்தனம், உங்களுக்கே தெரியும் என்றாய். அத்தனை நேர்மை உனக்கு.

உன்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஏசி. நாற்காலியை மானேஜரே இழுத்துப் போட்டார். சேச்சி உட்காருங்கள் என்றார். ஒரு தட்டில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துச் சுடச்சுடப் பொரித்த பழம்பொரி, பக்கத்தில் காப்பி. வெயிலில் இத்தனை தூரம் வந்தீர்களே என்று உபசாரம் வேறே. மேஜையில் இரண்டு மானிட்டர். இடதில் கேம் எப்படி இருந்ததோ அப்படி, வலதில் ஆபீசில் உன் கூட வேலை பார்த்த சிநேகிதன் சரிபண்ணி வைத்தது. இரண்டிலும் கார்கள் ஓடின. மூன்றாவது வளைவில் கார்கள் கும்பலாகச் சேர்ந்தன. இடது பக்கத்தில் ஒயர் உடைந்தது. படிப்படியாக, பல்லிளித்துக்கொண்டு. வலது பக்கத்தில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்த மனுஷர் எப்படிக் கேட்டார் தெரியுமா? வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவிட்டு, பந்தியில் நன்றாயிருக்கிறதா என்று விசாரிக்கிற மாதிரி, "எப்படி சேச்சி, ரெண்டும் கொள்ளாமோ?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "ரெண்டும் நன்னா இருக்கு."

கதவுக்கு வெளியே உனக்கு என் குரல் கேட்டிருக்காது. நான் தலையாட்டினதைப் பார்த்திருப்பாய். அவர் பேப்பரில் ஒரு பெருக்கல் குறி போட்டதையும் பார்த்திருப்பாய்.

இதற்கு என்ன சமாதானம் சொல்வது? நம் தெருக்களில் இதைப் பழக்கியே வளர்த்துவிடுகிறார்களே. பிறத்தியார் வீட்டில் கையை நனைத்தால் குறை சொல்லக்கூடாது. உன் பெரியப்பா வீட்டுச் சீமந்தத்தில் ரசத்தில் உப்பே இல்லை, பந்தியில் இருந்த அத்தனை பேரும் நன்னா இருக்கு, நன்னா இருக்கு என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டோமே. பாவம், அந்தச் சமையல்காரர் சாயங்காலப் பந்திக்கும் அதே ரசத்தைத்தான் வைத்தார். அதே வாய்தான் அந்த ஏசி ரூமிலும் பேசிற்று. இது என்ன மரியாதையோ போ. யாரோ ஒருத்தர் முகம் வாடக்கூடாது என்று நம் வீட்டுப் பெண்ணின் முகத்தை வாடவைக்கிற மரியாதை.

திரும்பி வருகிற கிழக்கேகோட்டை பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். உள்ளூர் ஸ்டாப் வந்த பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"மன்னி, ஒயரைப் பார்த்தேளா?"

"பார்த்தேன்."

"உடைஞ்சதா?"

"இடது பக்கம் உடைஞ்சது."

"பின்னே ஏன்?"

காப்பியும் பலகாரமும் கொடுத்து இத்தனை மரியாதையாகக் கேட்கிற மனுஷரிடம் எப்படிக் குறை சொல்கிறது என்றேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"அவா சாப்பாடு எப்படி இருக்குன்னு கேக்கலை மன்னி" என்றாய்.

என்னைத் தவிர இரண்டு பேர் தெரிகிறது என்றும் இரண்டு பேர் தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னாய். கணக்கு என்னிடத்தில் வந்து நின்றிருந்தது. பஸ் கோட்டைக்குள் திரும்பும்போது நீயே ஒரு வழியும் சொன்னாய். பார்த்ததை ரெண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேளா, நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டறேன் என்றாய். எழுதித் தரேன் என்றேன். சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வரும்வரை அந்த ரெண்டு வரியை மனசில் எழுதிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். சத்தியமாக.

வீட்டில் உன் அண்ணாவிடம் சொன்னேன், அதுதான் நான் பண்ணின இரண்டாவது தப்பு. ஒரு கேமுக்குப் போய் யாராவது இத்தனை ரகளை பண்ணுவாளா என்றார். அங்கே ஒன்று சொல்லிவிட்டு இங்கே வந்து மாற்றி எழுதிக் கொடுத்தால் நம் வீட்டு மனுஷியை என்ன நினைப்பார்கள் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சொன்ன பொய்யைப் பற்றி எனக்கு வெட்கமில்லை, பொய் சொன்னவள் என்று பேர் வந்துவிடுமே என்றுதான் வெட்கம். எப்பேர்ப்பட்ட புத்தி பார்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாய். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுதறேனே, கை ஈரமாயிருக்கு என்றேன். நீ நின்றாய். உன் சாப்பாட்டுக் கேரியரைக் கட்டினேன், அதற்கும் நின்றாய். கை எப்போதோ உலர்ந்துவிட்டது. உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமானதும் பேப்பரை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

ஆறாவது மாசக் கடைசியில் உன்னை நிரந்தரமாக்கவில்லை. இல்லாத குறையைப் பெரிசுபடுத்துகிறவள் என்று காரணம் எழுதியிருந்தார்கள். உன்னைப் பற்றி. கண்ணில் பட்டதைப் பட்டபடி சொன்ன உன்னைப் பற்றி. அந்தக் கேம் வெளியே வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, வாங்கி விளையாடினவர்கள் எங்கெங்கிருந்தோ எழுத ஆரம்பித்துவிட்டார்கள், கார் சேர்ந்தால் படம் கலங்குகிறது, அட்டையில் போட்டது பொய் என்று. உன் சிநேகிதன் போன் பண்ணிச் சொன்னான். எவனுக்கும் தெரியாது என்று சொன்னாரே அந்த மனுஷர், அவர் நீ எழுதின அதே பேப்பரைத் தேடி எடுத்து, நாங்கள் அப்போதே கண்டுபிடித்திருந்தோம் என்று வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தாராம். மேலே உன் பேர் இல்லை. போனை வைத்துவிட்டு நீ சிரித்தாய். எனக்கு அவர் மூஞ்சியில் அந்தப் பழம்பொரித் தட்டை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, கேட்டியா. அப்புறம் நீ ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சராகப் போனாய், கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குப் போனாய், வருஷா வருஷம் வந்தாய், வந்தால் என் பக்கத்திலேயேதான் படுத்துக்கொண்டாய். ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாமே. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். நீ ஒன்றே ஒன்றுதான் செய்தாய். அதற்குப் பிறகு என்னை அடுக்களைக்கு அனுப்பித் திரையின் அளவை மாற்றி, பெரிசா சின்னதா என்று கேட்கவே இல்லை. நாம் விளையாடினோம், சிரித்தோம், நான் இன்னும் சுவரில் மோதினேன். கேட்கிறதை மட்டும் நிறுத்திவிட்டாய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ கண் திறந்து, மன்னி சாப்பிட்டேளா என்று கேட்டாய். சாப்பிட்டேன், கான்டீன் சாப்பாடு நன்னா இருந்தது என்றேன். அது வாயிலேயே வைக்க முடியாத சாப்பாடு. அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

இப்போதெல்லாம் யாராவது நன்னா இருக்கா என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. உப்பு இல்லையென்றால் இல்லை என்கிறேன். மனுஷர்கள் முகம் வாடத்தான் வாடுகிறது, வாடட்டும். உன் அண்ணாவுக்கு என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகப் பயம். ஆனால் ஒன்று, வெள்ளிக்கிழமை கடையிலிருந்து திரும்பி வந்து, ராத்திரி சாப்பிடும்போது, அந்த ஒயர் நிஜமாகவே உடைஞ்சதா என்று மெதுவாகக் கேட்டார். உடைஞ்சது என்றேன். எனக்குத் தெரியலையே என்றார். அவர் அதை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தரம்.

நீ கேட்ட ரெண்டு வரி பாக்கி இருக்கிறது. கை உலர்ந்துவிட்டது, எழுதுகிறேன்.

கழக்கூட்டம் ஆபீசில் எனக்கு இரண்டு திரை காட்டினார்கள். மூன்றாவது வளைவில் இடது பக்கத்துத் திரையில் ஒயர் உடைந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்படிக்கு, உன் மன்னி.