தடித்த கம்பியின் தாமதம்

தம்பி,

இன்று காலை உன் பேஸ் கிட்டாரின் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு, வெக்கையில் இளகிய பசையின் வாடையும் முகத்தில் அடித்தது. கம்பிகளுக்கு அடியில் நீ ஒட்டிவைத்த சின்த் பிக்கப் என்ற சின்னக் கருவி, டேப்பிலிருந்து கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. திருகாணி போடு என்று அன்றே சொன்னேன். "கிட்டார்ல ஓட்ட போடவா? உன் காதுல இன்னொன்னு போட்டுக்கக்கா" என்றாய். உனக்குப் பதில் சொல்லத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியாது.

ஆசைப்பட்டு நான் அதைத் திறக்கவில்லை. உன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் முத்தையா நேற்று வந்திருந்தான். "புதுசா ஒருத்தர் வாசிக்க வாராகக்கா. கிட்டார மட்டும் குடுங்க. அந்தப் பிக்கப்பப் பிடுங்கிருவோம். பாவம், அண்ணன் அதுல ஏமாந்து போனாக" என்றான். நீ பிடிவாதக்காரன், வாயாடி, ஒப்புக்கொள்கிறேன். ஏமாளி என்று இன்னொருவன் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. "நாளை சாயங்காலம் வா. அதற்குள் இதை நான் ஒழுங்காக ஒலிக்கவைக்காவிட்டால் நானே பிடுங்கித் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

உன் எண்ணத்தில் தவறில்லை. எல்லா வாத்திய ஒலியும் தந்துகொண்டிருந்த கீபோர்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின், புல்லாங்குழலும் வயலினும் இல்லாத குழுவை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. கம்பிக்கு ஒரு கண்ணாக அந்தப் பிக்கப்பைப் பொருத்தினால், நீ மீட்டும் சுரத்தை அது பார்த்துச் சொல்லும், சின்தசைசர் பெட்டி அதையே குழலாக்கித் தரும், ஒரே ஆள் இரண்டு வேலை செய்யலாம் என்று கணக்குப் போட்டாய். ஆனால் தடித்த கம்பி மெதுவாக ஆடுவது. அது ஓரிரு முறை ஆடி முடிக்கும்வரை அது என்ன சுரம் என்று பெட்டிக்குத் தெரியாது. குழல் பிந்தித்தான் வரும். முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள் சொன்னேன். "ஒன் காலேஜ இங்கன நடத்தாதக்கா" என்றாய்.

லோயர் கேம்ப் ஊரில் நடந்த கல்யாண வரவேற்பில் நீ கண்ட தீர்வை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒலி பிந்தினால் கை முந்தட்டும் என்று தாளத்துக்கு முன்னதாகவே கம்பியைத் தட்டினாய். முத்தையாவோ மேடையில் எதுவும் சரியாகக் காதில் விழாது என்று, பல வருடமாக உன் வலக்கையைப் பார்த்தே அடித்துப் பழகியவன். உன் கை முந்த அவன் முந்தினான். அவனுக்கு முன்னால் போக நீ இன்னும் முந்தினாய். பாடிய பெண் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தாள். மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்று, "ஏலே, கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறீகளா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. வீடு திரும்பும்வரை "பொட்டிதான் லேட்டுக்கா, நான் லேட்டில்ல" என்று முனகிக்கொண்டே வந்தாய். அடுத்த கச்சேரிக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொன்னாய். அதற்குள் உன் நெஞ்சு உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நின்றுபோனது.

இன்று புது டேப் ஒட்டினேன். ஓட்டை போடவில்லை, உனக்காக அல்ல, வீட்டில் டிரில் இல்லை. மதியம்வரை பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தும் குழல் பிந்திக்கொண்டே இருந்தது. உன்னை ஒரு முறை திட்டினேன், பெட்டியை ஒரு முறை திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: தடித்த கம்பியை ஏன் தொட வேண்டும்? மெல்லிய கம்பியில் மேல் ஸ்தாயியில் வாசித்தால் அது வேகமாக ஆடும், பெட்டி சட்டென்று புரிந்துகொள்ளும். அந்தச் சுரத்தைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கித் தர பெட்டியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். விரல் பட்ட கணத்தில் குழல் வந்தது.

சாயங்காலம் முத்தையா வந்து, நான் மீட்டியதைக் கேட்டான். நாற்காலிக் கையில் தாளம் போட்டுப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு. "பிடுங்க வேணாங்கக்கா" என்றான். பிறகு, "இம்புட்டுத்தானா? அண்ணன் இருக்கையிலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். சரியான கேள்விதான், அதனாலேயே அவனை அறையத் தோன்றியது.

கிட்டாரைப் பிக்கப்போடு எடுத்துப் போய்விட்டான். உன் எண்ணம் சரி, கம்பிதான் தவறு என்று உன்னிடம் சொல்ல வேண்டும். நீ அதற்கும் ஏதாவது எதிர்த்துப் பேச வேண்டும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் அதைத் துக்கம் என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.