என் ஷூவில் சம்பந்தியம்மா

அன்புக் குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் வாய் அவரைவிட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. உன் மாமியாரின் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, வாராவாரம் போட்டோவில்தான் பார்க்கிறேனே, கன்னமெல்லாம் உப்பி நன்றாகவே இருக்கிறார்கள். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அவர்கள் காதில் விழும், அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவில், கால்வாய்க் கரைப் பாதையில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு உன் மாமியார் நிற்கிறார்களே, அவர்கள் காலில் இருப்பது என் ஷூ. இல்லை என்று மழுப்பாதே. இத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் கண் இது. முன்பட்டையில் நான் போட்ட சிவப்பு நூல் முடிச்சு, போட்டோவைப் பெரிதாக்கினால் பளிச்சென்று தெரிகிறது. நம் வீட்டில் குடையிலிருந்து தலையணை உறை வரை என் சிவப்பு முடிச்சு இல்லாத பொருள் உண்டா? முடிச்சு விழுந்தால் அது அம்மாவுடையது, யாரும் தொடக்கூடாது என்று மூன்று வயதிலேயே உனக்குத் தெரியும். போன தடவை அங்கிருந்து கிளம்பும்போது, திரும்பி வந்து போட்டுக்கொள்கிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லித்தானே உன் வாசல் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். கொடுப்பதென்றால் ஒரு புடவை கொடுத்திருக்கலாம், நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அந்தப் பாதையில் நடந்த ஷூவையா கொடுப்பார்கள்? சனிக்கிழமை வந்தால் ஒரு வேலையும் இல்லாதவர்கள் மாதிரி ஆடி அசைந்து நடப்போமே. அந்தக் காலத்தில் குதிரை இந்தக் கரையில் நடந்துதான் படகை இழுக்குமாம் என்று நீ சொன்னாய். குதிரை நடந்த பாதையில் இப்போது என் சம்பந்தி நடக்கிறார்கள். மதகுக் கதவை மூடித் தண்ணீரை நிரப்ப, ஒரு படகு ஆள் உயரத்துக்கு மெல்ல மேலே வந்ததே, அதன் கூரையில் பூந்தொட்டியும் ஒரு தூங்குமூஞ்சிப் பூனையும் இருந்ததே, அதையெல்லாம் இப்போது அவர்களுக்குக் காட்டுகிறாயாக்கும். நீ தண்ணீர்ப் பக்கம் நடப்பாய், என்னைச் செடிப் பக்கம் விடுவாய், பின்னால் சைக்கிள் மணி அடித்தால் என் முழங்கையைப் பிடித்து ஓரம் கட்டுவாய். போட்டோவில் அந்தச் செடிப் பக்கத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

உன் மாமியார் அங்கே வந்த புதிதில், எனக்கும் டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டபோது மூட்டுவலி என்றேன். மூட்டுவலி இருக்கிறது, ஆனால் நெஞ்செரிச்சல் அதைவிடப் பெரிசு. அங்கே வந்து உங்கள் இருவருக்கும் பின்னால் கைப்பை தூக்கிக்கொண்டு நடக்கவா என்றிருந்தது. இருந்தாலும் வீம்பு யாரை விட்டது? ரெண்டு மாதமாகச் சனி ஞாயிறு தவறாமல் இங்கே நம் ஊர்க் கால்வாய்க் கரையில் நடக்கிறேன். அப்பா கூட வருகிறார், ஒலிம்பிக்குக்குத் தயாராகறியா, சம்பந்தியம்மா மேல உள்ள கோபத்துலயே முட்டி சரியாயிடும் போலிருக்கேன்னு கிண்டல் வேறு. அவருக்குத் தண்ணீரும் தெரியாது, கொக்கும் தெரியாது, டீக்கடை எப்போது வரும் என்பதே கவலை. அவரோடு நடப்பதும் ஒரு நடையா.

இப்போது கேள். நேற்று உன் மாமியாரே எனக்குப் போன் செய்தார்கள், நீ ஆபீஸ் போன நேரம் பார்த்து. எடுத்த எடுப்பில், நான் வேற வாங்கிக்கறேன் சம்பந்தி, உங்க ஷூ எனக்குப் பெரிசு, முன்னாடி பஞ்சு அடைச்சுத்தான் நடக்கறேன் என்றார்கள். பெரிசுன்னா ஏன் போட்டீங்க என்று நான் கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டேன். என் ஷூ நனைஞ்ச அன்னிக்கு அவதான் எடுத்துக் கொடுத்தா, அன்னிலேர்ந்து இதையே போட்டுக்கோங்கங்கறா, ஏன்னு எனக்குப் புரியல, அப்புறம்தான் பாத்தேன், நடக்கும்போது என் முகத்தையே பாக்க மாட்டா, வழி முழுக்க அந்த ஷூவையே பாத்துக்கிட்டு வர்றா, பக்கத்துல நடக்கறது நான், அவ நடக்கறது உங்களோட, எனக்கும் பொறாமை இருக்காதா என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், சந்தோஷமும் பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

டிக்கெட் போடு. அந்த ஷூவை அவர்களிடமே விட்டுவிடு, பஞ்சோடு நடந்து பழகிவிட்டார்கள். சிவப்பு முடிச்சை மட்டும் வெட்டி எடுத்து வை, புது ஷூவில் நானே தைத்துக்கொள்கிறேன். கண் முழித்து வேலை பார்க்காதே. மாப்பிள்ளைக்கும், சரி, உன் மாமியாருக்கும் என் அன்பைச் சொல். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, அந்தப் பாதையில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். அவர்கள் முன்னால் போகட்டும். செடிப் பக்கம் என்னுடையது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா