இடிக்குப் பிடுங்கிய ஒயர்

ஐப்பசி 9, செவ்வாய். தேவிகுளம்.

நல்லேப்பிள்ளி வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அங்கே நான் அமைத்த விபிஎன் சர்வர் வழியாகத்தான் இங்கிருந்து கேமராவில் அவரைப் பார்ப்பேன். சாயங்காலத்திலிருந்து இணைப்பே இல்லை. எல்லா செட்டிங்கையும் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

போன் செய்தேன்.

"இடி இடிச்சுதப்பா. ஒயரெல்லாம் புடுங்கிட்டு இப்பத்தான் மாட்டுனேன்."

ஒயரைப் பிடுங்கி மாட்டியதில் ரூட்டருக்குப் புது இணைய முகவரி வந்திருக்கும்; அது தெரியாமல் இங்கிருந்து கேமராவைப் பார்க்க முடியாது. பட்டன் போனை வைத்துக்கொண்டு அதை அவர் எப்படிப் பார்த்துச் சொல்வார்? இடி என்றால் ஒயரைப் பிடுங்கும் ஊர் எங்களுடையது. அது தெரிந்தும் மாறாத முகவரி ஒன்று வாங்காமல் விட்டேனே, மடையன்.

"கேமரா முன்னாலதான் நிக்கறேன். தெரியறனா?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"தெரியுதுங்கப்பா. போய்ப் படுங்க."

"கை காட்டறேன், பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.